எண் பொருந்தினால் போதுமா? ஈ-டைப் இன்ஜினின் பூர்வீகம் பார்க்கும் வழிகள்

“மச்சான், நம்பர் எல்லாம் மேட்ச் ஆகுது. வாங்கிடவா?”

இங்கிலாந்தில் இருக்கும் நண்பன் இப்படிக் கேட்டு மூன்று படங்கள் அனுப்பியிருந்தான். கார் ஒரு ஜாகுவார் ஈ-டைப், சீரிஸ் 1, 4.2 லிட்டர், 1965-ல் தயாரானது. முதல் படத்தில் காரின் தகவல் தகடு. இரண்டாவதில் சிலிண்டர் ஹெட்டின் (இன்ஜினின் மேல்பாகம்) முன்முனை. மூன்றாவதில் இன்ஜின் பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) வலது பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே உள்ள இடம். மூன்றிலும் ஒரே எண். 7ஈ என்று தொடங்கி -9 என்று முடிகிறது. விற்பவர் ‘மேட்சிங் நம்பர்ஸ்’, அதாவது காரோடு பிறந்த அசல் இன்ஜின், என்று சொல்லி அதற்கேற்ற விலையும் வைத்திருந்தார்.

மூன்றாவது படம்தான் உறுத்தியது. பிளாக் முழுக்க ஆயிலும் தூசும் சேர்ந்து அப்பிக் கிடக்க, எண் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. படம் எடுப்பதற்காக யாராவது துடைத்திருக்கலாம். சரி, துடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். ஆனாலும், “இன்னும் நாலு படம் எடு, அப்புறம் பேசலாம்” என்று பதில் போட்டேன்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கும் இன்ஜின் அந்தக் காரோடு பிறந்ததா, வேறு காரிலிருந்து வந்ததா என்று பார்க்க ஐந்தாறு வழிகள் உண்டு. சிலதுக்குக் காசே வேண்டாம், ஒரு டார்ச் போதும். சிலதுக்கு இன்ஜினையே பிரிக்க வேண்டும். எதை முதலில் செய்வது, எதோடு நிறுத்திக்கொள்வது என்பதுதான் முடிவெடுக்க வேண்டிய விஷயம். பஞ்ச் அடித்த எண்ணுக்குப் பெரும்பாலோர் கொடுக்கும் மரியாதையில் பாதியை, பிளாக்கை வார்த்தபோதே அதில் பதிந்த வார்ப்புத் தேதிக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

ஈ-டைப்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு சந்தேகம்

ஜாகுவாரின் எக்ஸ்கே ஆறு சிலிண்டர் இன்ஜின் 1948-ல் எக்ஸ்கே120 காரோடு வெளிவந்தது. அது கடைசியாக விடைபெற்றது 1992-ல், டெய்ம்லர் டிஎஸ்420 லிமோசினோடு. நாற்பத்து நான்கு வருடம் ஒரே குடும்பம். ஈ-டைப்புக்கென்று தனியாக ஒரு ஆறு சிலிண்டர் இன்ஜினை யாரும் செய்யவில்லை. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான ஈ-டைப்பில் இருந்த 3.8 லிட்டர் இன்ஜின் (3781 சிசி) மார்க் 2, மார்க் 10, எஸ்-டைப் சலூன்களிலும் ஓடியது. 1964 அக்டோபரில் வந்த 4.2 (4235 சிசி) மார்க் 10-க்கும் போனது, பிறகு 420 சலூனுக்கும், 1968 முதல் எக்ஸ்ஜே6 சலூனுக்கும் போனது.

இதில் எக்ஸ்ஜே6 தான் முக்கியமான ஆள். ஈ-டைப் மொத்தமாகவே சுமார் 72,500 கார்கள்தான். எக்ஸ்ஜே6 அதைவிடப் பல மடங்கு விற்றது, துருப்பிடித்து ஸ்கிராப் யார்டுக்குப் போனதும் பல மடங்கு. பாடி மட்கிப்போனாலும் இன்ஜின் நன்றாகவே இருக்கும். எழுபதுகளின் கடைசியில் ஈ-டைப் என்பது பெட்ரோல் குடிக்கும் ஒரு பழைய கார், அவ்வளவுதான். இன்ஜின் போனால் யார்டில் கிடக்கும் எக்ஸ்ஜே6 இன்ஜினை இறக்கி, ஈ-டைப்பின் சம்ப்பையும் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) மேனிஃபோல்டையும் கார்புரேட்டர்களையும் அதில் மாட்டி ஓட்டினார்கள். அன்றைக்கு அதில் ஒரு கள்ளமும் இல்லை. அதே கார் நாற்பது வருடம் கழித்து, அசல் இன்ஜின் என்ற பெயரில், அசலுக்கான விலையோடு சந்தைக்கு வரும்போதுதான் பிரச்சினை.

பஞ்ச் அடித்த எண்

முதல் வழி, எல்லோரும் செய்வது. தகட்டில் இருக்கும் எண்ணையும் பிளாக்கிலும் ஹெட்டிலும் பஞ்ச் அடித்த எண்ணையும் ஒப்பிடுவது. ஐந்து நிமிட வேலை, செலவில்லை. எழுத்துகளின் அர்த்தம் தெரிந்தால் அந்த ஐந்து நிமிடத்தில் நிறையவே தெரிந்துகொள்ளலாம். ஆர் அல்லது ஆர்ஏ என்று தொடங்கினால் 3.8 ஈ-டைப். 7ஈ என்றால் சீரிஸ் 1-ன் 4.2. 7ஆர் என்றால் சீரிஸ் 2. எல்ஏ, எல்பி என்று தொடங்கும் வரிசை 3.8 மார்க் 2 சலூனுடையது. இசட்ஏ, இசட்பி இரண்டும் 3.8 மார்க் 10. 7டி என்றால் 4.2 மார்க் 10, 7எஃப் என்றால் 420. 7எல், 8எல் இரண்டும் எக்ஸ்ஜே6. கடைசியில் வரும் -8, -9 கம்ப்ரெஷன் விகிதத்தைக் குறிக்கும். அதுவும் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளின் விகிதம்தான். இன்று உள்ளே எந்த பிஸ்டன் இருக்கிறது என்பதை அது சொல்லாது.

இந்த வழியில் ஒரு வேடிக்கை உண்டு. எண் பொருந்தாத காரில் குழப்பமே இல்லை. ஈ-டைப்புக்குள் 8எல் என்று எழுதியிருந்தால் அது எக்ஸ்ஜே6 இன்ஜின், விஷயம் முடிந்தது. ஈ-டைப்பாக இருந்ததை எக்ஸ்ஜே6 என்று யாரும் திருத்த மாட்டார்கள். பொருந்தும் எண்ணைத்தான் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் திருத்துவதில் லாபம் இருப்பது அந்தத் திசையில் மட்டும்தான். பழைய எண்ணைக் கிரைண்டரால் வழித்துவிட்டுப் புது எண்ணை அடிக்க ஒரு பஞ்ச் செட்டும் ஒரு சுத்தியலும் போதும்.

அதனால் எண்ணைப் படிப்பதோடு எண்ணின் தரையையும் படிக்க வேண்டும். டார்ச்சை நேராக அடித்தால் எல்லாம் சமமாகத்தான் தெரியும். பிளாக்கோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், இயந்திரம் கடைந்த கோடுகள் நிழலோடு எழும்பும். அந்தக் கோடுகள் எண்ணுக்கு அடியிலும் தொடர்ந்து ஓடினால் நல்லது. எண்ணைச் சுற்றி மட்டும் கோடுகள் மறைந்து வட்ட வட்டமான கீறல்கள் இருந்தால், அல்லது அந்த இடம் லேசாகப் பள்ளமாக இருந்தால், அங்கே கிரைண்டர் போயிருக்கிறது. இலக்கங்களின் வடிவத்தையும் பார்க்கலாம். அதே வருடத்து அசல் கார்களின் படத்தை வைத்துக்கொண்டு 4, 7, 9 மூன்றையும் ஒப்பிட்டால் போதும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எண் கோணலாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். தொழிற்சாலையிலும் கையால்தான் அடித்தார்கள், மதிய சாப்பாட்டுக்குப் பிறகு அடித்தது கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

தொழிற்சாலைப் பதிவு

இரண்டாவது வழி, ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழ். தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதிக் கொடுப்பார்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண், பாடி எண், கியர்பாக்ஸ் எண், பெயின்ட், உள்ளலங்கார நிறம், தயாரான தேதி, அனுப்பிய தேதி, எந்த விநியோகஸ்தருக்குப் போனது என்பது வரை இருக்கும். மூன்று எஸ்யூ கார்புரேட்டர்களை ரீகண்டிஷன் செய்ய ஆகும் செலவில் இது ஒரு சின்னத் துண்டு. உரிமையாளர் என்பதற்கு ஆதாரம் கொடுத்துத்தான் வாங்க முடியும் என்பதால், வாங்கப் போகிறவர் விற்பவரைத்தான் கேட்க வேண்டும். விற்பவர் மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

தகட்டைவிட இது எவ்வளவோ மேல். தகடு நான்கு ரிவெட்டில் நிற்கும் ஒரு சமாச்சாரம். புதுத் தகடும் வாங்கலாம், எண்ணும் அடித்துக்கொள்ளலாம். பதிவேட்டில் கை வைக்க முடியாது. ஆனால் சான்றிதழ் சொல்வது ‘இந்தக் காருக்குப் பிறக்கும்போது இந்த எண்’ என்பதை மட்டும். உங்கள் முன்னால் இருக்கும் இரும்பு அதே இரும்பா என்று அதற்குத் தெரியாது. சரியான எண்ணைச் சான்றிதழில் பார்த்துத்தான் திருத்துபவரும் அடித்திருப்பார்!

இன்னொரு குறையும் உண்டு. கார் விற்ற அடுத்த வருடமே பிளாக் விரிசல் விட்டு, டீலர் புது பிளாக் மாற்றிக் கொடுத்திருந்தால் அது பதிவேட்டில் ஏறாது. அப்படிப்பட்ட பிளாக்கில் பழைய எண்ணையே டீலர் அடித்துக் கொடுத்திருக்கவும் கூடும். அது மோசடி இல்லை, பராமரிப்பு. அந்தக் காலத்து பில் ஒன்று கையில் இருந்தால் அதற்கு நான் சான்றிதழுக்குச் சமமான மதிப்பு கொடுப்பேன்.

சான்றிதழில் எனக்கு மிகவும் பிடித்தது இன்ஜின் எண் இல்லை, தயாரான தேதி. அடுத்த வழிக்கு அதுதான் சாவி.

வார்ப்புத் தேதி

உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி பிளாக்கை வார்க்கும்போதே சில எழுத்துகளும் எண்களும் அச்சிலிருந்து பதிந்துவிடுகின்றன. பஞ்ச் அடித்தது குழிந்திருக்கும், இது எழும்பி நிற்கும். தடவினாலே தெரியும். வார்ப்பு எண், ஃபவுண்டரியின் குறி, கூடவே தேதி. அலுமினிய ஹெட்டிலும் இப்படித்தான்.

இதில் மூன்று விஷயம் குழப்பும். முதலாவது, வார்ப்பு எண்ணும் பாகத்தின் எண்ணும் ஒன்றல்ல. வார்ப்பு எண் கச்சா வார்ப்புக்கு உரியது. அதைக் கடைந்து, துளையிட்டு, முழுமையாக்கிய பிறகு அது வேறு பாக எண்ணோடு ஸ்டோருக்குப் போகும். ஒரே வார்ப்பிலிருந்து இரண்டு வகைப் பாகங்களும் வரலாம். அதனால் பாகப் புத்தகத்தில் இருக்கும் எண் இரும்பில் இல்லையே என்று பதற வேண்டியதில்லை. இரண்டாவது, எண்ணின் முன்னெழுத்து. அறுபதுகளின் ஜாகுவார் எண்கள் சி என்ற எழுத்தோடு தொடங்கும். ஈஏசி என்று தொடங்கினால் அது ஜாகுவார் பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனிக்குள் இருந்த காலத்து எக்ஸ்ஜே6 வகையறா. 1965 காரில் ஈஏசி என்று ஒரு பாகம் இருந்தால் அது பிற்பாடு வந்தது. அதில் விவாதமே இல்லை. மூன்றாவது, தேதி பிரிட்டிஷ் முறையில் இருக்கும். நாள், மாதம், வருடம். 7.12.64 என்றால் டிசம்பர் ஏழு. அமெரிக்காவில் பல வருடம் இருந்து திரும்பி வந்த ஈ-டைப்புகளின் கோப்புகளில் இதை ஜூலை என்று எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

தேதி எப்படி முடிவு சொல்லும்? வார்த்த பிளாக் கடைசல் வேலை முடிந்து, இன்ஜினாகி, காரில் ஏற சில வாரமோ சில மாதமோ ஆகும். அதனால் வார்ப்புத் தேதி கார் தயாரான தேதிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். ஒரு வருடம் முன்னால் இருந்தால் சந்தேகப்படலாம், ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது, ஸ்டோரில் தேங்கியிருக்கலாம். ஒரே ஒரு நாள் பின்னால் இருந்தாலும் அது அந்தக் காரோடு பிறந்த பிளாக் இல்லை. எத்தனை எண் பொருந்தினாலும் சரி. குழந்தைக்கு முதல் பிறந்த நாள் கொண்டாடிய பிறகு தொட்டில் மரத்தை வெட்டினேன் என்று யாரும் சொல்ல முடியாதே.

திருத்துவோர் எண்ணைத் தேடித் திருத்துகிறார்கள். தேதியை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. எழும்பி நிற்கும் இலக்கத்தை மாற்றுவது சுத்தியல் வேலை இல்லை, வழித்துவிட்டு மேலே வெல்ட் வைத்துச் செதுக்க வேண்டும். வார்ப்பு இரும்பில் அதைச் சுவடில்லாமல் செய்வது கடினம். வெறுமனே வழித்துவிட்டால், தேதி இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருப்பதே கதையைச் சொல்லிவிடும்.

படிப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நண்பனுக்கு நான் சொன்னது இதுதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிளாக்கின் இரண்டு பக்கத்தையும் கைவிரலால் தடவிப் பார். மேடாக ஏதாவது தட்டுப்பட்டால் மண்ணெண்ணெயில் நனைத்த நைலான் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய். ஸ்குரூ டிரைவரால் சுரண்டாதே. வழித்துத் துடைத்து உலர்ந்த பிறகு சாக்பீஸைப் படுக்கவைத்து மேலோட்டமாக இழு. எழும்பிய இலக்கங்களின் தலையில் மட்டும் வெள்ளை ஒட்டும். கண் போகாத இடமாக இருந்தால் மொபைலை உள்ளே விட்டு வீடியோவாக எடு, அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். 3, 8, 9 மூன்றும் கசடுக்குள் அண்ணன் தம்பி போல இருக்கும், இரண்டு கோணத்தில் எடு.

மறுநாள் படங்கள் வந்தன. ஹெட்டில் 9.2.65. கார் தயாரானது அதே வருடம் மே மாதம். அருமையாகப் பொருந்துகிறது. பிளாக்கில் நாளும் மாதமும் பெயின்ட்டுக்குள் மங்கியிருந்தன. வருடம் மட்டும் தெளிவு. 69.

கூடவே இன்னொரு படமும் கேட்டிருந்தேன். பிளாக்கின் இடது பக்கம், டிப்ஸ்டிக் அருகே, பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் பக்கத்து உறை) பூட்டும் விளிம்பு. சீரிஸ் 2 ஈ-டைப்பில் இன்ஜின் எண்ணை அடித்தது அங்கேதான். சீரிஸ் 1 காரில் அந்த விளிம்பில் பார்க்க ஒன்றும் இருக்கக் கூடாது. இந்தக் காரிலும் ஒன்றும் இல்லை, மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கிரைண்டர் தடத்தைத் தவிர.

மற்ற அடையாளங்கள்

டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் போன்ற லூகாஸ் கம்பெனியின் மின்சாரப் பாகங்களில் மாடல் எண்ணோடு தேதியும் அடித்திருக்கும். அறுபதுகளின் நடுவில் அது பெரும்பாலும் வாரமும் வருடமும். 2366 என்றால் 1966-ன் இருபத்து மூன்றாவது வாரம். எஸ்யூ கார்புரேட்டரில் மிதவை அறையின் மூடித் திருகுக்கு அடியில் ஏயூசி அல்லது ஏயூடி என்று தொடங்கும் ஒரு சின்னத் தகடு தொங்கும். பாதிக் கார்களில் அது எப்போதோ காணாமல் போயிருக்கும்.

இவை எல்லாம் இரண்டு போல்ட்டில் கழன்று வரும் பாகங்கள். இன்ஜினின் பூர்வீகத்துக்கு இவற்றைச் சாட்சியாக வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று எச்டி8 கார்புரேட்டர் இருப்பதால் ஈ-டைப் இன்ஜின் என்றும் சொல்ல முடியாது, மார்க் 10-லும் அதேதான். சீரிஸ் 1-ன் வழவழப்பான பாலிஷ் கேம் கவரை எந்த எக்ஸ்ஜே6 இன்ஜின் மேலும் உட்கார வைக்கலாம். பெயின்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் எதிர்த் திசையில் இவை உதவும். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றும் 1965-ன் முதல் பாதியைக் காட்டினால், யாரும் பெரிதாக நோண்டாத கார் என்று எண்ண இடமுண்டு.

இன்ஜினைத் திறந்து பார்ப்பது

இதில் அளவு உண்டு. கேம் கவரை மட்டும் எடுப்பது அரை மணி நேர வேலை. கேம்ஷாஃப்ட் பேரிங் கேப்கள் (பேரிங்கை மூடிப் பூட்டும் துண்டுகள்) ஒவ்வொன்றிலும் ஒரு எண் இருக்கும், அதற்கு இணையான எண் ஹெட்டிலும் இருக்கும். ஹெட்டோடு சேர்த்தே துளை கடைந்தவை என்பதால் அவை ஜோடி பிரியக் கூடாது. சம்ப்பை இறக்கினால் ஏழு மெயின் பேரிங் கேப்களிலும் இப்படியே, பிளாக்கின் அடிப்பக்கத்தில் இணை எண்கள். கனெக்டிங் ராடிலும் அதன் கேப்பிலும் சிலிண்டர் எண். ஜாகுவாரில் முதல் சிலிண்டர் பின்னால் இருக்கும், கியர்பாக்ஸ் பக்கம். மற்ற கார்களில் பழகியவர்கள் ராடுகள் எல்லாம் தலைகீழாக மாட்டியிருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். ஒரு மெக்கானிக் அப்படி நினைத்து எனக்கே போன் செய்திருக்கிறார்.

இந்த எண்கள் சொல்வது பாகங்கள் ஒன்றுக்கொன்று சொந்தமா என்பதை. இந்த மொத்தக் குடும்பமும் இந்தக் காருக்குச் சொந்தமா என்பதை அல்ல. ஒரு முழு எக்ஸ்ஜே6 இன்ஜினிலும் கேப் எண்கள் அழகாகப் பொருந்தும். ஆகவே பூர்வீகம் பார்ப்பதற்காக மட்டும் சம்ப்பை இறக்குவது வீண் என்பேன். ரீபில்டுக்காக எப்படியும் இறக்கும்போது பார்த்துக் குறித்து வைப்பது கட்டாயம்.

ஹெட்டைக் கழற்றினால் இன்னும் தெரியும். 3.8-ல் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 87 மில்லிமீட்டர், 4.2-ல் 92.07. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 106 தான். ரீபோர் செய்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. அதே நீள பிளாக்குக்குள் பெரிய போரைத் திணிக்க, 4.2-ல் சிலிண்டர்களின் இடைவெளியையே மாற்றினார்கள். ஓரத்து இரண்டும் வெளியே நகர்ந்தன, நடு இரண்டும் நெருங்கின. அதற்குத் தக்கபடி கிராங்க் ஷாஃப்ட்டும் மாறியது. அதனால் 3.8 கிராங்க்கைக் காட்டி 4.2-க்குப் பொருந்தும் என்று யாராவது விற்க வந்தால் தாராளமாகச் சிரிக்கலாம். இன்னொன்று, பிற்காலத்து 4.2 பிளாக்குகளில் ஹெட் ஸ்டட்கள் (ஹெட்டைப் பூட்டும் திருகுக் கம்பிகள்) மேல்தட்டோடு நிற்காமல் வாட்டர் ஜாக்கெட் (தண்ணீர் ஓடும் அறை) வழியாகக் கீழே வரை இறங்கும். 1965 பிளாக்கில் அப்படி இருக்காது. எக்ஸ்ஜே6 சீரிஸ் 3-ன் இன்ஜெக்ஷன் ஹெட்டில் இன்டேக் வால்வு 1 3/4 அங்குலத்துக்குப் பதில் 1 7/8 அங்குலம். அளந்தால் அகப்பட்டுக்கொள்ளும்.

ஹெட்டைக் கழற்ற மனம் இல்லையென்றால், பிளக் துளை வழியாக ஒரு போர்ஸ்கோப் கேமராவை விடலாம். பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் அளவு அடித்திருந்தால் தெரியும். அது இன்ஜினின் சரித்திரத்துக்கு உதவும், பூர்வீகத்துக்கு இல்லை. பிஸ்டன், பேரிங் ஷெல், வால்வு எல்லாம் தேய்ந்தால் மாற்ற வேண்டியவை. அவை 1965-ன் அசல் என்று யாராவது சொன்னால் நான் கவலைதான் படுவேன்.

ஆய்வகமும் நிபுணரும்

பஞ்ச் அடிக்கும்போது எண்ணுக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்கி இறுகுகிறது. மேலே இருக்கும் எண்ணை வழித்துவிட்டாலும் இறுகிய பகுதி மிச்சமிருந்தால், ஆசிட் கலவையால் அரிக்கும்போது அது சுற்றியுள்ள உலோகத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும். காந்தத் துகள் சோதனையும் உண்டு, அது இரும்பு பிளாக்குக்குத்தான், அலுமினிய ஹெட்டில் வேலைக்கு ஆகாது. ஆழமாக வழித்திருந்தால் எந்தச் சோதனையும் கை கொடுக்காது. ஆசிட் வைத்த இடம் முன்பு இருந்த மாதிரி இருக்கவும் செய்யாது. கார் திருட்டு என்ற சந்தேகம், கோர்ட்டு வழக்கு, இன்ஷூரன்ஸ் தகராறு, இந்த மூன்றுக்கும் சரி. மற்றபடி இது அதிகப்படி. நீங்களே பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். அடையாள எண்ணில் கை வைப்பது பல நாடுகளில் குற்றம், ஆராய்ச்சிக்காகச் செய்தேன் என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

நிபுணரை அழைப்பது என் பார்வையில் தனி வழியே இல்லை. மேலே சொன்ன அத்தனையையும் அவர் இருபது நிமிடத்தில் செய்வார், நூறு எக்ஸ்கே இன்ஜின்களைப் பார்த்த கண்ணோடு. இலக்கங்களின் வடிவத்தைப் பார்த்து அசலா என்று சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள முடியாது. விற்பவர் சிபாரிசு செய்யும் நிபுணர் மட்டும் வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

வாங்கப் போகிறவருக்கு என் வரிசை இது: முதலில் வார்ப்புத் தேதி, கூடவே சான்றிதழ், அதற்குப் பிறகு பஞ்ச் எண்ணின் தரை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எண் பொருந்தியதும் மனம் குளிர்ந்துவிடுகிறது, அப்புறம் தேதியைத் தேடச் சட்டைக் கையை மடித்துக் குனிய யாருக்கும் தோன்றுவதில்லை. மூன்றும் இசைந்தால், ‘மேட்சிங் நம்பர்ஸ்’ விலையைக் கொடுப்பதற்கு முன் நிபுணருக்கு ஒரு நாள் கூலி கொடுப்பது நியாயம். மூன்றில் ஒன்று இடறினால் நிபுணர் செலவும் வேண்டாம், விலையைப் பேசுங்கள்.

ஏற்கெனவே கார் வைத்திருப்பவருக்கு அவசரம் இல்லை. சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை ஏதாவது கழற்றும்போதும் கண்ணில் பட்ட எண்ணைப் படம் எடுத்துக் கோப்பில் போட்டுக்கொண்டே வரலாம். விற்கும்போது அந்தக் கோப்புக்கு ஒரு விலை உண்டு. ஓட்டி மகிழ மட்டும் வாங்குகிறவர் இதில் பாதியை மறந்துவிடலாம். ஒரு நல்ல எக்ஸ்ஜே6 பிளாக், விரிசல் விட்ட அசல் 7ஈ பிளாக்கைவிட நூறு மடங்கு மேல். சான்றிதழை மட்டும் விடாதீர்கள், கார் எதுவாகப் பிறந்தது என்று தெரிந்திருக்கட்டும்.

நண்பன் விற்பவரிடம் 69-ஐக் காட்டினான். அவருக்கே அது தெரியாது போலிருக்கிறது, அவரும் யாரிடமோ ‘மேட்சிங்’ என்று கேட்டு வாங்கியவர்தான். ஒரு வாரம் இழுத்து, இன்ஜின் மாற்றிய காருக்கான விலைக்கு இறங்கி வந்தார். வழித்த விளிம்பில் முன்பு இருந்தது 7ஆரா, 7எல்லா என்று தெரிந்துகொள்ள ஆசிட் சோதனைக்குக் கொடுக்கலாமா என்று நண்பன் கேட்டான். தெரிந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன், யோசித்துவிட்டு விட்டுவிட்டான்.

கார் இப்போது அவனிடம் இருக்கிறது. சர்வீஸ் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான்: “ஹெட் – 9.2.65, அசல். பிளாக் – 69, எந்த வண்டி என்று தெரியாது. சம்ப் கழற்றும்போது கேப் எண்களைப் பார்க்கவும்.”